கெணறு ம் கொட்டுமா

படு. தலகாணிய நேரா வை. கால என் மேல போட்டுக்க, பரவால்ல. அங்க என்னத்த எட்டி எட்டிப் பாக்குற? ஹால்ல ஒங்கப்பன்தான் படுத்திருக்கான். தூங்கிட்டானாம். தூங்குறவன் கால் கட்டவெரல ஆட்டிக்கிட்டா படுத்திருப்பான்?

அந்தப் பையப் பாக்காத. அதுல என்ன பெரிய பொக்கிஷமா இருக்கு, ரெண்டு வெள்ள வேட்டி, ஒரு சொம்பு, ஒரு செபமால. காலைல மொத பஸ்ஸப் புடிச்சு மலைக்குப் போறாராம் தொரை. மனசுக்கு அமைதி வேணுமாம். எப்ப வருவன்னு கேட்டா, அது மனசு சொல்லணுமாம். ஒங்கம்மா அதுக்குத்தான் அடுப்படில பாத்திரத்தப் போட்டு டங்கு டங்குன்னு கழுவிக்கிட்டு இருக்கா. என்னைய போன் போட்டு வரச் சொன்னதும் அவதான். அக்கா சொன்னா கேப்பானாம். நான் சொல்லி அவன் என்னைக்குக் கேட்டான்? அவன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசப் போறதில்ல. ஒனக்குக் கத சொல்லப் போறேன், அம்புட்டுதான். கதவு தெறந்தே கெடக்கட்டும், காத்து வரட்டும்.

அடி சுடரு, நீ ம் கொட்டணும். ம் கொட்டலன்னா நிப்பாட்டிருவேன்.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு மகராசன் இருந்தானாம். மகராசன்னா ராசான்னு நெனச்சுக்காத. பெத்ததும் கட்டுனதும் பாடுபட, தான் மட்டும் மோட்டுவளையப் பாத்துப் பெருமூச்சு விடுறவன எங்காத்தா அப்படித்தான் சொல்லும். அவன் பேரு சொக்கையன்.

சொக்கையனுக்குச் சத்தம் ஆகாது. காலைல எந்திரிச்சா அவுக ஆத்தாவும் பொண்டாட்டியும் ஆரம்பிச்சிருவாக. ஆத்தா பேரு காளியாத்தா. கண்ணு பாதிதான் தெரியும், வாய் மட்டும் முழுசா வேல செய்யும். பொண்டாட்டி பேரு அங்கம்மா. உப்பு கூடிப்போச்சுன்னு அது சொல்லும், நாக்கு செத்துப்போச்சுன்னு இது சொல்லும். அப்புறம் ஆடு மே மேன்னு கத்தும். அப்புறம் பக்கத்து வீட்டுல வரப்புச் சண்ட. அப்புறம் தெரு மொனைல அந்தக் கச்சி பெருசா இந்தக் கச்சி பெருசான்னு சண்ட. ஊருக்கு வெளிய பாத்தா அங்க மழ இல்ல, இங்க வெள்ளம், அந்தூரு ராசா இந்தூரு ராசாவ அடிச்சுட்டான். ஒலகம் அன்னைக்கும் இப்படித்தான் கெடந்துச்சு, இன்னைக்கும் இப்படித்தான் கெடக்கு.

சரி, வரப்புச் சண்டைக்கு ஒரு எட்டுப் போயி ரெண்டு பேரையும் வெலக்கி விடலாம்ல? மாட்டான். ஆத்தாவ ஒரு அதட்டு, பொண்டாட்டிக்கு ஒரு சமாதானம்? அதுவும் மாட்டான். காதுல பஞ்ச வச்சுக்கிட்டு, ‘எனக்கு நிம்மதி இல்ல, எனக்கு நிம்மதி இல்ல’ன்னு ஒக்காந்திருப்பான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு கெணறு. அதோட சுத்துச்சுவரு மழைக்கு இடிஞ்சு விழுந்து கெடக்கு. எடுத்துக் கட்டுடான்னு ஆத்தா தெனம் சொல்லும். மனசு சரியில்லாதவன் எங்குட்டுக் கல்லத் தூக்குறதுன்னுருவான்.

“ம்.”

அவனுக்கு ஒரு பொம்பளப் புள்ள. பேரு சிட்டு. ஒன் வயசுதான், ஒன் வாய்தான். அதுக்குப் பொம்ம வேணாம், முட்டாயி வேணாம். காலைலேர்ந்து நடந்தத ஒண்ணு விடாம அப்பன்கிட்டச் சொல்லணும். அவன் ம் கொட்டணும். ‘அப்பா, அப்புறம் என்னாச்சு தெரியுமா’ன்னு கேக்கும். இவன் ‘ம்’ம்பான். அம்புட்டுதான் அதுக்கு வேணும்.

அப்போ ஒருநா, புள்ள ஒரு ஆட்டுக்குட்டிக் கத சொல்லிக்கிட்டு இருக்கு. ‘அப்பா, நம்ம வெள்ளக்குட்டி இருக்குல்ல, அது கூழுப் பானைக்குள்ள தலைய விட்ருச்சு. தல உள்ள மாட்டிக்கிருச்சு. பானையோட ஓடுது, முட்டுது, டமார் டமாருன்னு. அப்புறம் என்னாச்சு தெரியுமா?’

இவன் ம் கொட்டல. அந்நேரம் பாத்து ஆத்தா ஒரு பக்கம் கத்துது, அங்கம்மா ஒரு பக்கம் கத்துறா. விருட்டுன்னு எந்திரிச்சான். துண்ட ஒதறித் தோள்ல போட்டான். ‘இந்த வீட்டுல மனுசன் இருப்பானா, நான் நிம்மதியத் தேடிப் போறேன்’னுட்டு வாசப்படி தாண்டிப் போயே போயிட்டான்.

“ஆட்டுக்குட்டி தல என்னாச்சு அத்த?”

பாத்தியா, ஒனக்கே கேக்கணும்னு இருக்கு. அவனுக்குக் கேக்கத் தோணல. நீயுந்தான் சாயங்காலம் ஒங்கப்பன்கிட்ட, பள்ளிக்கூடத்துக்குள்ள பூன வந்துச்சுன்னு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்த. பாதில எந்திரிச்சுப் போயித்தான பைக்குள்ள வேட்டிய அடுக்குனாரு? சரி விடு. நம்ம சொக்கையனப் பாப்போம்.

“ம்.”

போனான், போனான், ஒரு மடம் வந்துச்சு. வாசல்ல ‘இங்கே அமைதி கிடைக்கும்’னு எழுதிப் போட்டுருக்கு. கெடைக்கும்னு எழுதுறதுக்கு அது என்ன ரேஷன் கடையா? உள்ள ஒரு சாமி ஒக்காந்திருக்கு. பட்டுக்காவி, பக்கத்துல விசிறுறதுக்கு ஆளு. சொக்கையன் பொத்துன்னு கால்ல விழுந்தான். சாமி அவன் கைல ஒரு செவப்புக் கயித்தக் கட்டி, ‘பேசாத, கேக்காத, நெனைக்காத, எல்லாம் அடங்கிரும்’னுச்சு. சொக்கையனுக்கு ஒரே குளுகுளுன்னு இருக்கு. ஆகா, இதுவல்லவோ எடம்னு ஒரு மூலைல துண்ட விரிச்சான்.

கண்ண மூடுனதும் காதுக்குள்ள, ‘அப்பா, அப்புறம் என்னாச்சு தெரியுமா?’ன்னுச்சு. டக்குன்னு எந்திரிச்சான். யாருமில்ல. திரும்பப் படுத்தான். ‘அப்பா, அப்புறம் என்னாச்சு தெரியுமா?’ வெளவாலு சத்தமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டான். பெத்த புள்ள கொரலு, வெளவாலாம். பொட்டுத் தூக்கம் இல்ல.

விடிஞ்சதும் உள்ளேர்ந்து ஒரு கூப்பாடு. எட்டிப் பாத்தா, யாரு? நம்ம பேசாத சாமிதான். அதோட பாதக்கட்டைய எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டானாம். எவண்டா, ஏண்டான்னு, சிஷ்யப் புள்ளைகளத் தொரத்தித் தொரத்தி அடிக்குது. அடங்கிரும்னு சொன்ன சாமி ஒரு ஜோடிக் கட்டைக்கு அடங்கல. சொக்கையன் துண்ட எடுத்தான். தட்டுத் தடுமாறி வெளிய வந்து, இந்த எடம் சரியில்லன்னு நடையக் கட்டுனான்.

அப்பவாவது புத்தி வந்துச்சா? வெளங்காதவனுக்கு எப்படி வரும். எடம்தான் சரியில்ல, இவன் சரியாத்தான் இருக்கான்.

“ம்.”

அப்புறம் போனான், போனான், ஒரு மல வந்துச்சு. மல மேல ஒரு கொக. மனுச வாடையே இருக்காதுன்னு வழில ஒருத்தன் சொன்னான். சலசலன்னு சருகுல நடந்து, மொழங்கால் தேய ஏறுனான். ஏறிப் பாத்தா கொக வாசல்ல ஒரே செருப்பு. நிம்மதியத் தேடி இவனுக்கு முன்னாடியே ஒரு கூட்டம் வந்து ஒக்காந்திருக்கு.

உள்ள நொழஞ்சா தாடிக்காரன் ஒருத்தன், ‘ஏய், அது என் பாற’ங்கிறான். இன்னொருத்தன், ‘கால நீட்டாத, என் தியானத்துல இடிக்குது’ங்கிறான். காத்து வர்ற ஓரத்துக்கு ரெண்டு பேரு மல்லுக்கட்டுறான். எவன் அதிகமா அமைதியா இருக்குறதுங்கிறதுல அவனுகளுக்குள்ள போட்டி. தும்முனா மொறைப்பானுக. நம்மாளு வயிறு பசில கடகடன்னு சத்தம் போட, எல்லாருமாச் சேந்து, ‘வயித்த அடக்கத் தெரியாதவன் மனச அடக்க வந்துட்டான்’னு வெரட்டுனானுக. வெரட்டும்போதும் ஒரு பெருசு, போனாப் போகுதுன்னு இவன் கைல ஒரு கருப்புக் கயித்தக் கட்டி விட்டுச்சு.

எதுக்குக் கட்டுனாகன்னும் கேக்கல, யாரு கட்டுறாகன்னும் பாக்கல. கயிறுன்னா கைய நீட்டிருவான் சொக்கையன். நிம்மதி கயித்துல வருதாம் அவனுக்கு. போற வழில ஒரு மரத்தடிச் சாமியாரு பச்சக் கயிறு கட்டுனாரு, அதுக்கும் நீட்டுனான். மணிக்கட்டுலேர்ந்து முட்டி வரைக்கும் கயிறு. இங்கயும் ஒருத்தரு கைல கெடக்குதே, எண்ணிப் பாத்துக்க.

இந்தா, ஹால்ல இருமுறான் பாரு. எனக்கென்ன, நான் சொக்கையனத்தான சொல்றேன்.

“ம்.”

அப்புறம் போனான், போனான், ஒரு ஊரு வந்துச்சு. அம்மன் கோயில் வாசல்ல ஒரே சனம், சத்தமே இல்லாம வரிசைல நிக்குது. முன்னாடி ஒரு பூசாரி. ஒவ்வொருத்தரு கைலயும் மஞ்சத் தடவுன கயித்துல ஒரு மஞ்சத்துண்டக் கோத்துக் கட்டி விடுறாரு. சொக்கையன் பாத்தான். ஆகா, எம்புட்டு அமைதியான சனம், மஞ்சக் கயிறு நம்மகிட்ட இல்லையேன்னு வரிசைல போயி நின்னான். கைய நீட்டுனான். பூசாரி கட்டிட்டாரு.

கட்டி முடிச்சதும் பாரு, டண்டணக்கு டண்டணக்குன்னு கொட்டு. பொம்பளைக எல்லாம் உலுலுலுன்னு கொலவ. தல மேல கட்டியிருந்த கொழாய் ரேடியோ கொய்ங்ன்னு கத்தி, பாட ஆரம்பிச்சுச்சு. சொக்கையன் துள்ளிக் குதிச்சுட்டான்.

‘எத்தன சட்டி?’ன்னாரு பூசாரி.

‘என்ன சட்டி?’

‘தீச்சட்டிதான். எடுக்குறவுகளுக்குத்தான காப்புக் கட்டுறோம். ஒத்தச் சட்டியா, அடுக்குச் சட்டியா?’

அடி ஆத்தி, அது நிம்மதிக் கயிறு இல்ல, திருவிழாக் காப்பு. நெருப்பெரியிற சட்டியக் கைல ஏந்தி ஊரச் சுத்துறேன்னு அம்மனுக்கு வாக்குக் குடுத்துட்டான் மடையன். ‘தெரியாம நீட்டிட்டேன் சாமி, அவுத்து விட்ருங்க’ன்னு கெஞ்சுனான். பூசாரி மொறச்சாரு. ‘கட்டுன காப்ப நடுவுல அவுத்தா ஊருக்கே ஆகாது. தீச்சட்டி எறக்கி, ஆத்தா முன்னாடிதான் அவுக்கணும். அதுவரைக்கும் பகல்ல எங்க வேணா போ, வா. பொழுது சாயுறதுக்குள்ள எங்க எல்லைக்குள்ள வந்துரணும். இந்த மண்ணுலதான் தூங்கணும்’னுட்டாரு.

எல்லா எடத்துலேர்ந்தும் ஓடி வந்தவன, ஒலகத்துலயே பெரிய சத்தத்துக்கு நடுவுல கட்டிப் போட்டாச்சு. எனக்கு இந்த எடத்துல மட்டும் எப்பவும் சிரிப்பு வரும்.

“எனக்கும்.”

சிரி, நல்லாச் சிரி. வயித்த வலிக்கப் போகுது, மெதுவா.

அப்போ அயலூரு ஆளுக்கு எடம் வேணும்ல? கோயிலுக்கு எதுத்தாப்புல ராக்காயி வீட்டுல தங்க விட்டாக. ராக்காயி தனிக்கட்ட, ஒரு எரும வச்சிருக்கா. விடிஞ்சதுலேர்ந்து வாய் ஓயாது. கோழி வந்து வடகத்தக் கிண்டிருச்சுன்னு எதுத்த வீட்டுக்காரிகிட்டச் சண்ட. தண்ணிக் கொழாயில முந்திட்டான்னு ஒருத்திகிட்டச் சண்ட. மொத மரியாத எந்தத் தெருவுக்குன்னு ஆம்பளைக மல்லுக்கு நிக்கிறப்ப, நடுவுல பூந்து, ‘தேங்கா மூடிக்கு அடிச்சுக்கிறீகளே, வெக்கமா இல்ல’ன்னு அவுக எல்லாத்துகிட்டயும் சேத்துச் சண்ட. சொக்கையன் காதப் பொத்திக்கிட்டு மூலைல சுருண்டு கெடந்தான்.

ஆனா பொழுது சாஞ்சதும் பாரு. ராக்காயி எருமைக்குத் தண்ணி வச்சா. சண்ட போட்ட எதுத்த வீட்டுக்காரிக்கே ஒரு செம்பு மோரு குடுத்துட்டு வந்தா. தல சாச்சா. கொர்ர்ருன்னு கொறட்ட. தலைக்கு மேல கொழாய் ரேடியோ கத்துது, வாசல்ல கொட்டு அடிக்குது, இவ கொறட்ட அதுக்கு மேல கேக்குது. சொக்கையன் அவளையே பாத்துக்கிட்டு முழிச்சுக் கெடக்கான். காதுக்குள்ள, ‘அப்பா, அப்புறம் என்னாச்சு தெரியுமா?’

பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒருநா கேட்டுட்டான். ‘அக்கா, ஒங்களுக்கு எப்படி இம்புட்டு நிம்மதி? யாரு கயிறு கட்டுனது?’

‘கயிறா? எருமைக்குத்தான் கயிறு’ன்னா அவ. ‘கேட்டவளுக்குப் பதில் சொல்லிட்டேன். கோவத்த அவ வாசல்லயே எறக்கி வச்சுட்டேன். வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி காட்டிட்டேன். அப்புறம் தூக்கம் வராம என்ன கேடு? நீ எதுக்குடா முழிச்சுக் கெடக்க? யாருக்குப் பதில் சொல்லாம வந்த?’

சொக்கையன் ஆட்டுக்குட்டிக் கதையச் சொன்னான். கேட்டதும் ராக்காயி எந்திரிச்சு ஒக்காந்துட்டா.

‘புள்ள பேசிக்கிட்டு இருக்கையில பாதில எந்திரிச்சு வந்தியா? அதக் கேக்காம மல மேல போயி என்னத்தக் கேட்ட நீ? நீயெல்லாம் ஒரு மனுசன், ஒனக்கு நான் சோறு வேற போடுறேன்’னு காறித் துப்பிட்டு, திரும்பிப் படுத்துக் கொறட்ட விட்டுட்டா.

“ம்...”

கண்ணு சொக்குதா? இனிமேத்தான் கதையே இருக்கு.

மறுநா சாயங்காலம் திருவிழாவுக்கு ஒரு வளையல்காரர் வந்தாரு. சொக்கையனப் பாத்தாரு, பொட்டிய எறக்கி வச்சாரு. ‘அட நாசமாப் போனவனே, இங்கயா இருக்க? நேத்து ஒங்க ஊருக்குத்தான் போயிட்டு வர்றேன். ஒம் புள்ள கெணத்தடியே கதின்னு கெடக்குதுய்யா’ன்னாரு.

‘கெணத்தடிலயா?’

‘ஆமா. நீ போனப்புறம் அது பேச்சக் கேக்க ஆளில்ல. அங்கம்மா காட்டு வேலைக்குப் போயிடுறா. ஒங்காத்தா பாவம், கண்ணு தெரியாதது. புள்ள கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துக் கத சொல்லுது. சொன்னாக் கெணறு திருப்பிச் சொல்லுதாம், அதான் அதுக்குப் புடிச்சிருக்கு. சுத்துச்சுவரு இல்லாத கெணறு. அங்கம்மா முள்ள வெட்டிப் போட்டா, அதையும் இழுத்துப் போட்டுட்டுப் போயி குந்திருது. முந்தாநா கால் வழுக்கிருச்சு. ஒங்காத்தா தடவித் தடவி வந்து சடையப் புடிச்சுத்தான் இழுத்துச்சாம்.’

“விழுந்துருச்சா அத்த?”

விழுகல. சடையப் புடிச்சு இழுத்துருச்சுன்னு சொன்னேன்ல. படு.

சொக்கையன் எந்திரிச்சு ஓடுனான். எல்லக்கல்லு வந்துச்சு. பொழுது சாயுது. கைல காப்பு. தாண்டுனா ஊருக்கு ஆகாது, தாண்டாட்டிப் புள்ள கெணத்தடில. அந்தக் கல்லுகிட்டயே மண்டி போட்டு, ஓன்னு அழுதான். அப்போ ராக்காயி பின்னாடியே வந்து நின்னா.

‘அழுகாத. அழுதா ஒண்ணும் ஆகாது. இந்த நேரத்துக்குப் புள்ளைய எவளாச்சும் வெளிய விட்டுருப்பாளா? ஒங்காத்தா மடில படுத்துருக்கும். விடியட்டும். வெள்ளி மொளைச்சதும் ஓடு, பொழுது சாயுறதுக்குள்ள வா. அம்மன் ஒன்னைய அந்தப் புள்ளைக்காகத்தான் விடுறா, ஒனக்காக இல்ல’ன்னா.

அன்னைக்கு ராத்திரி முழுக்க அவன் ஒக்காந்தே இருந்தான். கொட்டு அடிச்சுச்சாம், ரேடியோ பாடுச்சாம், அவன் காதுல ஒண்ணும் விழுகல.

வெள்ளி மொளைச்சதும் தடதடன்னு ஓடுறான். வேட்டியத் தார்ப்பாச்சிக் கட்டிக்கிட்டு ஓடுறான். ஒலகத்தையே சுத்தி வந்துட்டோம்னு நெனச்சிருந்தான்ல, ஓடிப் பாத்தா கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு அவுக ஊரு வந்துருச்சு. மாசக்கணக்கா ஒரு கம்மாயச் சுத்திச் சுத்தி வந்திருக்கான் கிறுக்கன். நிம்மதியத் தேடுறவனுக்குத் தெச தெரியாதுன்னு இதுக்குத்தான் சொல்றது.

வீட்டுக்குள்ள போகல. நேரா பின்னாடி போனான். அங்க சிட்டு. கெணத்து ஓரத்துல குந்தி, ரெண்டு கையயும் மண்ணுல ஊனி, தலைய உள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. கூப்புட்டா பதறிரும், விழுந்துரும். ஓடுனா மண்ணு சரியும். சொக்கையன் மூச்ச அடக்கிக்கிட்டு அடி மேல அடி வைக்கிறான்.

புள்ள கெணத்துக்குள்ள சொல்லுது. ‘வெள்ளக்குட்டி பானையோட ஓடுச்சா...’

கெணறு சொல்லுது, ‘ஓடுச்சா... ஓடுச்சா...’

‘அப்புறம் என்னாச்சு தெரியுமா?’

‘தெரியுமா... தெரியுமா...’

அப்போ சொக்கையன் கிட்டப் போயி, மெதுவா,

‘ம்’னான்.

புள்ள பேச்ச நிறுத்திருச்சு. கெணறு சொன்னதத்தான் திருப்பிச் சொல்லும், ம் கொட்டாதே. மெல்லத் தலையத் தூக்குச்சு. திரும்பிப் பாத்துச்சு. அதுக்குள்ள அவன் அதோட இடுப்பப் புடிச்சுட்டான், புடிச்சு இழுத்து மடில போட்டுக்கிட்டான்.

புள்ள கட்டிப் புடிச்சுச்சுன்னு நெனக்கிறியா? அதுதான் இல்ல. ‘விடு என்னைய. நான் கெணத்துக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ பாதில போயிருவ’ன்னுச்சு.

அவனுக்கு அடி வாங்குனாக்கூட அப்படி வலிச்சிருக்காது. ‘இனிமே போக மாட்டேன் கண்ணு’ன்னு அழுகுறான். அந்தப் புள்ள அவன் கைய எடுத்து அந்தக் கயித்தையெல்லாம் ஒண்ணொண்ணா இழுத்துப் பாக்குது. ‘இதெல்லாம் என்ன?’ன்னுச்சு. செவப்பப் பிச்சான், கருப்பப் பிச்சான், பச்சையப் பிச்சான், எல்லாத்தையும் கெணத்துல போட்டான். மஞ்சக் காப்ப மட்டும் பிக்கல. அது வாக்குக் குடுத்த கயிறு.

“ம்...”

அதுக்குள்ள அங்கம்மா வந்துட்டா. வந்ததும் வெளக்கமாத்தத்தான் எடுத்தா. காளியாத்தா சுவரத் தடவிக்கிட்டு வந்து, எம் மவன எப்படிடி அடிப்பன்னு அவளத் திட்டிக்கிட்டே, தானும் ரெண்டு சாத்து சாத்துச்சு. வாங்கிக்கிட்டான். காதப் பொத்தல. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, இடிஞ்சு கெடந்த கல்லத் தூக்கி அடுக்க ஆரம்பிச்சான். உச்சி சாயுறதுக்குள்ள எட்டிப் பாக்க முடியாத அளவுக்குச் சுவரு வந்துருச்சு. இத்தன நாளா மனசு சரியில்லாம கெடந்த வேல, அரைப் பகல் வேல.

அப்புறம், ‘நான் பொழுது சாயுறதுக்குள்ள அந்த ஊரு மண்ணுல இருக்கணும், தீச்சட்டி எடுக்கணும்’னான். சிட்டு மொகம் சுண்டிப்போச்சு. ‘நீயும் வா’ன்னு புள்ளையத் தூக்கித் தோள்ல வச்சான். அங்கம்மா, ‘இவன நம்பிப் புள்ளைய விடவா, நானும் வர்றேன்’னா. அவ போறான்னா காளியாத்தா வீட்டுல இருக்குமா? அந்தப் பக்கமாப் போன ஒரு காய்கறி வண்டில ஏறி ஒக்காந்துக்கிருச்சு. ஆட்டுக்குட்டியும் மே மேன்னு பின்னாடியே வருது.

போற வழி பூரா சண்ட. வண்டி மேலேர்ந்து மாமியா, கீழேர்ந்து மருமக. தோள்ல சிட்டு, ஆட்டுக்குட்டிக் கதைய மொதல்லேர்ந்து சொல்லுது. பாதிலேர்ந்து இல்ல, மொதல்லேர்ந்து. இவன் ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டுறான். ரெண்டு தடவ இவனே கேட்டுட்டான், அப்புறம் என்னாச்சுன்னு.

எல்ல தாண்டி உள்ள போனாக. ராக்காயி வாசல்ல நிக்கிறா. ‘வந்துட்டியா’ன்னா, அம்புட்டுதான். எல்லாருக்கும் சோத்தப் போட்டா. அன்னைக்குத்தான் திருவிழாவுக்குப் பெரிய கொட்டு. டண்டணக்கு டண்டணக்கு. கொழாய் ரேடியோவுக்கு நேர் கீழ ஒரு சாக்க விரிச்சு, நெஞ்சு மேல புள்ளையப் போட்டுக்கிட்டுப் படுத்தான் சொக்கையன். ஒரு பக்கம் மாமியா மருமக சண்ட, இன்னொரு பக்கம் ராக்காயி கொறட்ட. மடத்துலயும் கொகைலயும் வராத தூக்கம் வந்துச்சு பாரு, கொர்ர்ர்ருன்னு. அடுத்த நா தீச்சட்டிக்கு அவன ஒதச்சுத்தான் எழுப்புனாக.

இம்புட்டுதான் நிம்மதி. இதுக்கு எவனுக்கு மல வேணும், எவனுக்கு மடம் வேணும்? ஒலகத்துச் சண்டையெல்லாம் நின்னப்புறம் தூங்கலாம்னு இருந்தா, பொணமாத்தான் தூங்கணும். ஒனக்குன்னு ஒருத்தி வாயத் தெறந்து சொல்லிக்கிட்டு இருக்கா. அவளுக்குப் பதில் சொல்லிட்டுப் படுத்தா ஆகாதா?

என்ன சுடரு, நான் சொல்றது சரிதான?

“ம்.”

ஆனா அந்தக் குட்டியோட தல பானைலேர்ந்து எப்படி வெளிய வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது சிட்டுக்கும் அவுக அப்பனுக்கும்தான் தெரியும்.

“ம்.”

என்னடி, கொரலு தடிச்சுப்போச்சு?

சுடரு. அடி சுடரு.

புள்ள எப்பயோ தூங்கிருச்சு. கையெல்லாம் தொவண்டு கெடக்கு.

அப்ப இம்புட்டு நேரம் ம் கொட்டுனது யாருடா?

டேய் கதிரேசா. என்கிட்ட எதுக்குடா ம் கொட்டுற? காலைல இது எந்திரிச்சதும், பள்ளிக்கூடத்துக்குள்ள வந்த பூன என்னாச்சுன்னு இதுகிட்டக் கேளு. மொதல்லேர்ந்து கேளு. அடுப்படில பாத்திரச் சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு, அவளும் கதவு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. எந்திரி. அந்த வேட்டிய எடுத்து பீரோல வை, சொம்ப அவகிட்டக் குடு.

கத கெணத்துல விழுகாமக் கர ஏறிருச்சு. வெளக்க அமத்திட்டு, போயித் தூங்கு.